சேலைக்கு அடியில் இருந்த எக்ஸ்ரே

கடைக்கு வருகிறவர்கள் துவரம்பருப்பு வாங்க வருகிறார்களா, என்னைப் பார்க்க வருகிறார்களா என்றே இப்போது தெரியவில்லை. பருப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "கரண்ட் வெச்சா புத்துநோய் சரியாயிருமாமே, உங்களுக்கு ஏன் பாதியில நிறுத்திட்டாங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்ல எனக்கு மூச்சு கிடையாது. நிஜமாகவே கிடையாது, பத்து வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத மூச்சு வேண்டாம், ஒரு இடத்தில் உட்கார்ந்தால் போதும். எனக்கு அதுதான் வராது. இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

என் பெயர் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணம் முடிந்த மறு மாதமே கல்கத்தா வந்து சேர்ந்தவள். லேக் மார்க்கெட் பக்கம் எங்களுக்கு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் மிளகாய், மல்லி அரைக்கிற மெஷின் உண்டு. கடை என் வீட்டுக்காரர் பொறுப்பு, மெஷின் என் பொறுப்பு. ஒரே மகள் செல்வி. பி.ஏ. முடித்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தமிழை விட வங்காளம் அவளுக்கு நன்றாக வரும்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் எனக்கு இருமல் பிடித்தது. வறட்டு இருமல். மிளகாய் மெஷினில் நிற்கிறவளுக்கு இருமல் வராமல் பாட்டா வரும் என்று விட்டுவிட்டேன். மாடிப்படி ஏறினால் இளைத்தபோதுதான் இவர் பயந்துபோய் பெஹாலாவில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். நம் ஆட்கள் யாரும் கண்ணில் படாத இடமாக வேண்டும் என்று நான்தான் பெஹாலா சொன்னேன். அந்த டாக்டர் காசநோயாக இருக்கலாம் என்று ஊசி போட்டார். இரண்டு மாதம் போட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, சளியில் கிருமி இல்லை, இது காசமே இல்லை என்று சொன்னார்.

அவர் விளக்கியது இது. நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்னக் காற்றுப் பைகள். பைக்கும் பைக்கும் நடுவில் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் வழியாகத்தான் காற்று ரத்தத்துக்குப் போகிறது. எனக்கு இரண்டு பக்கமும் அடிப்பாகத்தில் அந்தச் சவ்வு தடித்து வடுவாகிவிட்டது. பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. ஏன் வருகிறது என்று சரியாகத் தெரியாது, யாருக்கும் ஒட்டாது, தூசியை விட்டு விலகி இரு என்றார். நான் மெஷினை விட்டு விலகவில்லை. எக்ஸ்ரேயை மட்டும் டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஏனென்றால் அந்த மாதம்தான் செல்விக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

ஹவுரா ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிற குடும்பம். பையன் கார்டன் ரீச் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். பையனுடைய அம்மா சண்முகத்தாய் பெண் பார்க்க வந்த அன்றைக்கே என்னை "மதினி" என்று கூப்பிட்டு அடுக்களைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள். வாய் ஓயாத பேச்சு, அதைவிட ஓயாத கை. பேசிக்கொண்டே என் வெங்காயத்தை எல்லாம் உரித்துப் போட்டாள். போகும்போதுதான் கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க மதினி. உங்க வீட்டுல காசம் கீசம் யாருக்கும் உண்டா? எங்க வீட்டுக்காரருக்கு அது ஒண்ணுதான் பயம். வேற எதையும் கேக்க மாட்டாக."

"சேச்சே, எங்க வம்சத்துலயே கிடையாது" என்றேன். பொய் இல்லை, எனக்கு வந்தது காசம் இல்லையே. ஆனால் இரண்டு மாதம் காச ஊசி போட்ட கதையை யாரிடம் போய் விளக்குவது? நம்மவர்களிடம் விளக்கினால், விளக்கம் வாசலிலேயே நின்றுவிடும், ஊசி மட்டும் ஊர் சுற்றும்.

நிச்சயதார்த்தம் முடிந்தது. தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. ஆவணியில் எனக்குச் சளியில் ரத்தம் வந்தது.

அப்புறம் ஆஸ்பத்திரிதான். எக்ஸ்ரே, மூன்று நாள் காலைச் சளி, தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற சோதனை. குழாய் விடுகிற அன்று நான் அசைந்த அசைவில் இரண்டு நர்சுகள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். "நொட்பேன் நா, நொட்பேன் நா" என்று ஒருத்தி கத்திக்கொண்டே இருந்தாள். அசையாதே என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து யாரும் என்னை அசையாமல் வைத்ததில்லை, அவள் எம்மாத்திரம்! வலது நுரையீரலின் மேல் பக்கம் எலுமிச்சங்காய் அளவு கட்டி. புற்றுநோய். டாக்டர் இதை இவரிடம் தனியாகச் சொல்லப் பார்த்தார். "எனக்கு வந்தத என்கிட்ட சொல்லுங்க" என்று நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

சிகரெட் குடிப்பேனா என்று கேட்டார்கள். வந்த கோபத்தில் எனக்கு இருமலே நின்றுவிட்டது.

ஹவுராக்காரர்களிடம் இதை மறைக்க முடியாது, சொல்லி அனுப்பினோம். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் சண்முகத்தாய் ஆற்றைத் தாண்டிப் படகில் வந்து, டிராம் பிடித்து, பாதாள ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டைத் தாண்டி, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். கையில் தூக்குவாளி நிறையச் சுக்குக் காப்பி.

"புத்துநோய் என்ன ஒட்டுற வியாதியா? எங்க வீட்டுல அவுக கிட்ட பேசிட்டேன். தையில கல்யாணம் நடக்கும். அதுவரைக்கும் உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் நல்லவள். அதுதான் வினையாகப் போயிற்று. அன்றிலிருந்து அவள் என் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. கக்கூஸுக்குப் போனால் கூட வாசலில் நிற்பாள். புற்றுநோய் வந்தவளாக நான் இருக்கலாம். காச ஊசி போட்டவளாக இருக்கக் கூடாது. இந்தக் கணக்கு என் மண்டைக்குள் எப்படி உட்கார்ந்தது என்று இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சிரித்தால் மூச்சு வாங்குகிறது.

ஆபரேஷன் டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். எவ்வளவு காற்றை இழுத்து விட முடிகிறது என்று பார்க்கிற சோதனை. நான் ஊதியது அவருக்குத் திருப்தி இல்லை. இவ்வளவு குறைந்த மூச்சில் நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் மிச்சம் உள்ளது தாங்காது, 'ரே' கொடுக்கலாம் என்று அனுப்பிவிட்டார். நம் ஆட்கள் கரண்ட் வைப்பது என்கிறார்களே, அதைத்தான் இங்கே ரே என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கட்டியின் மேல் பாய்ச்சிக் கட்டியைச் சாகடிப்பது.

ரே டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர், என்னை 'மா' என்றுதான் கூப்பிடுவார். ஒரு பக்கம் நான், நடுவில் சண்முகத்தாய், அந்தப் பக்கம் இவர். டாக்டர் என் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். காதுக்குப் பக்கத்தில் நாலு முடியை விரலால் உரசினால் ஒரு சத்தம் வருமே, அது அடிப்பக்கம் இரண்டிலும் கேட்கிறது என்றார். எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"கட்டி மேலே இருக்கிறது. ஆனால் கீழே இரண்டு பக்கமும் வலை மாதிரி நிழல். இது புதுசா, பழசா? முன்னாடி எப்போதாவது நுரையீரல் நோய் வந்ததா? பழைய படம் ஏதாவது இருக்கிறதா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். இருபத்தைந்து வருஷமாக என் முறைப்புக்குப் பழகின மனுஷன், வாயை மூடிக்கொண்டார்.

"இல்ல" என்றேன்.

டாக்டர், சளி அடைத்துக் கிருமி சேர்ந்ததாக இருக்கலாம் என்று பத்து நாள் மாத்திரை கொடுத்தார். நிழல் போகவில்லை. இரண்டாம் தரமும் கேட்டார். இரண்டாம் தரமும் இல்லை என்றேன். கட்டி காத்திருக்காது, ஆரம்பிப்போம் என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை நான் தடித்த எழுத்தில் எழுதத் தயார்.

வயலெட் மையால் நெஞ்சிலும் முதுகிலும் கட்டம் போட்டார்கள். அதைக் கழுவக் கூடாது, சோப்புப் போடக் கூடாது. தினமும் வரிசையில் உட்கார வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் "கொட்டா ரே ஹோலோ?" என்று கேட்பார்கள், எத்தனை ரே ஆயிற்று என்று. அங்கே அதுதான் குசலம் விசாரிப்பது. நடுவில் லோட்ஷெடிங் வந்துவிடும். கரண்ட் வைக்கப் போன இடத்தில் கரண்ட் இல்லை என்று நான் சொன்ன அன்று இவர் ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தார். நான் உட்கார மாட்டாமல் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். சண்முகத்தாயும் கூடவே நடப்பாள். என் முறை வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அந்தத் தடித்த கதவு வரைக்கும் விட்டு, "முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே படுங்க மதினி, சட்டுனு முடிஞ்சிரும்" என்பாள். உள்ளே நான் மட்டும். வலி இல்லை, சூடு இல்லை, ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததற்கு இவ்வளவு பெரிய கதவு எதற்கு என்று தோன்றும்.

ஐந்தாம் நாள் இளைப்பு கூடியது. ரே என்றால் களைப்பு இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏழாம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் ரே முடிந்து வெளியே வந்தவள் தாழ்வாரத்தின் பாதியில் நின்றுவிட்டேன். நடக்காமல் நிற்கிற பேச்சியம்மாளை அந்த ஆஸ்பத்திரி அன்றைக்குத்தான் பார்த்தது. உதடு நீலமாக இருக்கிறது என்று சண்முகத்தாய் கத்தி, சக்கர நாற்காலி கொண்டுவரச் செய்து, நேராக டாக்டர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டர் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். முதுகில் குழாயை வைத்துக் கேட்டவர் முகம் மாறிவிட்டது. என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"மா, நான் பயமுறுத்தவில்லை. கேளுங்கள். ரே கட்டியை மட்டும் தொடுவதில்லை. போகிற வழியில் உள்ள நல்ல பாகத்திலும் பட்டு அதைப் புண்ணாக்கும். நல்ல நுரையீரலாக இருந்தால் அந்தப் புண் அநேகமாக ஆறிவிடும். ஏற்கெனவே வடு விழுந்த நுரையீரலாக இருந்தால் அப்படி இல்லை. ஓரிடத்தில் பட்டது மொத்தத்தையும் கிளப்பிவிடலாம், ரே படாத இடத்தைக் கூட. உடனே வரலாம், எல்லாம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் வரலாம். வந்தால் கட்டிக்கு முன்னால் மூச்சே ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் கடைசியாகக் கேட்கிறேன். அந்த நிழல் பழசா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சண்முகத்தாய் முந்திக்கொண்டாள். சரளமான வங்காளத்தில், நெஞ்சில் கையை வைத்துச் சொன்னாள்: "டாக்டர் பாபு, எங்க சம்பந்தி வீட்டுல அந்த மாதிரி எதுவும் கிடையவே கிடையாது. நான் விசாரிச்சுத்தான் பொண்ணு எடுக்கேன். அதுக்கு நான் ஜவாப்தாரி."

அவள் எனக்காகச் சாட்சி சொல்கிறாள்! செல்வியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தப் பையனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் பார்த்தேன், காற்று கிடைக்காமல் என் நெஞ்சு பறப்பதையும் பார்த்தேன். வீராப்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. எனக்குச் சாகப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

"பழசு" என்றேன். "ரெண்டு வருஷம். காசம்னு ரெண்டு மாசம் ஊசி போட்டாங்க. அப்புறம் காசம் இல்லன்னாங்க. படம் வீட்டுல இருக்கு. பெட்டியில, சேலைக்கு அடியில."

கூட வந்திருந்த இவர் எழுந்து படத்தை எடுக்க ஓடினார். சண்முகத்தாய் என் நாற்காலியின் பிடியில் இருந்து கையை எடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

பழைய படத்தையும் புதுப் படத்தையும் டாக்டர் அடுத்தடுத்து மாட்டிப் பார்த்தார். கீழே இருக்கிற வலை இரண்டிலும் அதே இடத்தில். என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "இதை முதல் நாளே பார்த்திருந்தால் இவ்வளவு அகலமான கட்டம் போட்டிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். ரே நின்றது. வார்டில் படுக்கை. ஸ்டீராய்டு என்கிற மருந்து, புண்ணைத் தணிப்பதற்கு. முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிற்று, ஆனால் நாலாம் நாள் ஆக்சிஜன் இல்லாமல் பத்து அடி நடந்தேன்.

வழி இரண்டு என்றார் டாக்டர். ரேயை அடியோடு விட்டுவிடலாம். மூச்சு இருக்கிற வரை இருக்கும், கட்டி வளரும். அல்லது நுரையீரல் நன்றாக அடங்கின பிறகு, கட்டியின் மேல் மட்டும் குறுகலாக, குறைந்த நாள் கொடுக்கலாம். கட்டி முழுதும் போகாது, சுருங்கலாம். மறுபடியும் மூச்சு கிளம்பாது என்று அவர் எழுதித்தர மாட்டார். "நீங்கள்தான் சொல்ல வேண்டும், மா."

நான் சொல்லவில்லை. கட்டிலில் எழுந்து உட்காருவதும், கால் செருப்பைத் தேடுவதும், மறுபடி படுப்பதுமாக இருந்தேன். செல்வி தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் குழைய வடித்த கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். ஹவுராவில் இருந்து தகவல் உண்டா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும் கரண்டியை வைத்துவிட்டு, "மறைச்சது எனக்காகன்னு சொல்லாதம்மா. நான் கேட்டேனா?" என்றாள். கேட்கவில்லை. அவளிடம் நான் எதையுமே கேட்டதில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் சண்முகத்தாய் வந்தாள். கையில் தூக்குவாளி இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"எங்க வீட்டுல அவுக வேண்டாம்னுட்டாக. பையன் மூணு நாளு சாப்பிடாம கிடந்து பாத்தான். அவுக அசையல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி மதினி" என்றேன்.

"அதுக்கு நான் அழல" என்றாள். ஆனால் அழுதுகொண்டிருந்தாள். "கல்யாணம் போனா போவுது. ஒம்பது நாளு, மதினி! ஒம்பது நாளும் நான்தானே உங்க கையப் புடிச்சு அந்தக் கதவு வரைக்கும் கொண்டு விட்டேன்? முருகான்னு சொல்லுங்கன்னு சொல்லி அனுப்புனேனே! உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா, நான் எந்த முகத்த வெச்சுட்டு செல்வியப் பாப்பேன்? என்னையக் கொலகாரி ஆக்கப் பாத்தீங்களே!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் உயிரைப் பற்றி யோசித்தேன், மகள் கல்யாணத்தைப் பற்றி யோசித்தேன். தினமும் ஆற்றைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தவளைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், இருமல்தான் வந்தது. அவள் கிட்டே வந்து என் முதுகைத் தடவினாள். தடவும்போதும் அவள் கோபம் ஆறவில்லை, அந்தக் கையிலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலம் டாக்டரிடம் குறுகலான ரேக்குச் சரி என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் ஆற விட்டு, அதற்கு நாள் குறித்தார்கள். ஸ்டீராய்டு கூடவே ஓடியது. இப்போது முடிந்து நாலு மாதம் ஆகிறது. கட்டி பாதிக்குக் கீழே சுருங்கியிருக்கிறது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் நிற்கிறேன். மெஷினை விற்றாயிற்று. எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் கேட்டேன், தெரியாது என்றார்; அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

அந்த இரண்டாம் ரேக்கு முதல் நாள் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் சண்முகத்தாய் நிற்கிறாள். "கெளம்புங்க" என்றாள். வழி நெடுக என்னோடு பேசவில்லை. டிராம் ஏறும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அறை வாசலில் என் பெயரைக் கூப்பிட்டதும் நான் பழக்கத்தில் அவள் எழுந்திருப்பாள் என்று நின்றேன். அவள் பெஞ்சை விட்டு எழவில்லை.

"நான் இங்கனயே இருக்கேன் மதினி" என்றாள். "நீங்க உள்ள போயி, அவுக கேக்காததையும் சேத்துச் சொல்லுங்க."

கதவை அவளே எட்டி இழுத்து என் பின்னால் சாத்தினாள்.